கோடு நேராக வருகிறது, ஆனால் அளப்பது சூப்பர் ஆக்சைடுதானா? மின்முனை அளவீட்டில் உதவி வேண்டும்

தாரமங்கலத்தாள்:

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இது இரண்டாம் ஆண்டு. ஏற்காட்டில் காப்பிப் பழத்தைக் கூழாக்கிக் கொட்டை எடுத்தபின் தோலைக் குவித்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தோலின் சாறு சூப்பர் ஆக்சைடை (ஆக்சிஜன் ஒரு எலெக்ட்ரானைக் கூடுதலாக ஏற்று உண்டாகும் அயனி) எவ்வளவு அழிக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. நிறமானி முறையில் சாற்றின் பழுப்பு நிறமே குறுக்கே வருகிறது. அதனால் மின்வேதியியல் முறைக்கு வந்தேன்.

இப்போது செய்வது இது. வெறும் பிளாட்டினம் மின்முனை, வெள்ளி–வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்முனைக்கு எதிராக 0.6 வோல்ட். பாஸ்பேட் பஃபர், பி.எச். 7.4. பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரிமக் கரைப்பானில் கரைத்து ஸ்டாக் வைத்திருக்கிறேன். அதிலிருந்து பஃபரில் 10 முதல் 100 மைக்ரோமோலார் வரை சேர்த்து, கலங்கல் அடங்க 60 நொடி விட்டு மின்னோட்டத்தைக் குறிக்கிறேன். கோடு அவ்வளவு நேராக வருகிறது, ஆர் ஸ்கொயர் 0.998. ஆனால் சூப்பர் ஆக்சைடை அழிக்கும் எஸ்.ஓ.டி. நொதி சேர்த்தால் மின்னோட்டம் இறங்கவில்லை. நொதி கெட்டுப்போய்விட்டதா? புதிதாக வாங்கப் பணம் கேட்க வேண்டும், அதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

நானோ ஆம்பியர்:

நொதி வாங்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். உங்கள் எஸ்.ஓ.டி. நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அது வேலை செய்வதற்கு அங்கே சூப்பர் ஆக்சைடு இல்லை.

அந்த 60 நொடிதான் விஷயம். தண்ணீரில் சூப்பர் ஆக்சைடு தன்னோடு தானே வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் மாறிவிடும். இரண்டாம் படி வினை, அதாவது செறிவு கூடக்கூட அழிவு அதைவிட வேகமாகக் கூடும். பி.எச். 6-க்கு மேல் அதன் வேக மாறிலி பி.எச். ஒன்று ஏற 10-இல் ஒரு பங்காகக் குறையும். 7.4-இல் சுமார் 2.4 லட்சம், அலகு ஒரு மோலாருக்கு ஒரு நொடிக்கு. இதை வைத்துக் கணக்குப் போட்டால் 100 மைக்ரோமோலாரின் அரை ஆயுள் 0.04 நொடி. பிப்பெட்டிலிருந்து கட்டைவிரலை எடுப்பதற்குள் பாதி போய்விடும்.

இன்னொன்றையும் போட்டுப் பாருங்கள். 100 மைக்ரோமோலார் சேர்த்து 60 நொடி கழித்து மிஞ்சுவது 0.07 மைக்ரோமோலார். 10 மைக்ரோமோலார் சேர்த்து 60 நொடி கழித்து மிஞ்சுவதும் அதே 0.07தான். பத்து மடங்கு வித்தியாசமாகச் சேர்த்தாலும் ஒரு நிமிடத்தில் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். அப்படியிருக்க நேர்கோடு எங்கிருந்து வரும்? சூப்பர் ஆக்சைடை அளந்திருந்தால் உங்களுக்குப் படுத்த கோடுதான் வந்திருக்க வேண்டும்.

நீங்கள் அளந்தது ஹைட்ரஜன் பெராக்சைடு. இரண்டு சூப்பர் ஆக்சைடுக்கு ஒரு பெராக்சைடு, அதனால் 100 சேர்த்தால் 50. அது நிலையாக இருக்கும், பிளாட்டினத்தில் 0.6 வோல்ட்டில் நன்றாக ஆக்சிஜனேற்றம் ஆகும், கோடும் நேராக வரும். நாளைக்கே பெராக்சைடை உடைக்கும் நொதியான கேட்டலேஸ் சேர்த்துப் பாருங்கள். மின்னோட்டம் சரிந்தால் விஷயம் முடிந்தது.

தாரமங்கலத்தாள்:

சேர்த்துப் பார்த்தேன் அக்கா. கேட்டலேஸ் ஒரு சொட்டு விட்டதும் ஒரு நிமிடத்துக்குள் மின்னோட்டம் அடித்தளத்துக்கு வந்துவிட்டது. ஏழு மாத வரைபடங்கள் எல்லாம் பெராக்சைடு என்று இப்போதுதான் தெரிகிறது. நேற்று இரவு தூங்கவில்லை. ஆனால் தெரிந்தது நல்லது. இனி என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

ஆத்தூர்க்காரன்:

ஏழு மாதம் வீண் என்று நினைக்காதீர்கள். பெராக்சைடின் அளவுகோடு உங்களிடம் சுத்தமாக இருக்கிறது, பின்னால் கட்டாயம் தேவைப்படும்.

நான் நொதிப் பக்கத்து ஆள். சூப்பர் ஆக்சைடை ஊற்றி அளக்க முயலக்கூடாது, ஊற விட்டு அளக்க வேண்டும். சாந்தைன், அதை யூரிக் அமிலமாக்கும் நொதியான சாந்தைன் ஆக்சிடேஸ் இரண்டையும் பஃபரில் சேர்த்தால் சூப்பர் ஆக்சைடு சீராக உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் அழிந்துகொண்டே இருக்கும். கிணற்றில் ஊற்றும் இறைப்பும் சமமாகும்போது மட்டம் நிற்கிற மாதிரி ஒரு நிலைச் செறிவு வரும். அந்த மட்டத்தை மின்முனை பார்க்கட்டும்.

உற்பத்தி வேகத்தைத் தெரிந்துகொள்ள மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969-இல் எஸ்.ஓ.டி.யைக் கண்டபோது பயன்படுத்திய முறையே போதும். 50 மில்லிமோலார் பாஸ்பேட், பி.எச். 7.8, அதில் 10 மைக்ரோமோலார் சைட்டோக்ரோம் சி (சூப்பர் ஆக்சைடு ஒடுக்கும் இரும்புப் புரதம்), 50 மைக்ரோமோலார் சாந்தைன். 550 நானோமீட்டரில் உறிஞ்சல் ஏறுவதைப் பாருங்கள். ஒடுங்கிய சைட்டோக்ரோமுக்கும் ஒடுங்காததற்கும் மோலார் உறிஞ்சலில் உள்ள வித்தியாசம் 21,000. நிமிடத்துக்கு 0.025 ஏறினால் நிமிடத்துக்குச் சுமார் 1.2 மைக்ரோமோலார் சூப்பர் ஆக்சைடு. எஸ்.ஓ.டி. போட்டும் ஏறும் பகுதியை அதிலிருந்து கழித்துவிடுங்கள். இது உங்கள் பழச்சாறு இல்லாமல், சுத்தக் கரைசலில் செய்வது. அதனால் பழுப்பு நிறப் பிரச்சினை இங்கே இல்லை.

பி.எச். 7.8-இல் அழிவு மாறிலி ஒரு லட்சத்துக்குச் சற்றுக் கீழே. உற்பத்தியை அதனால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் நிலைச் செறிவு 0.46 மைக்ரோமோலார். இந்த எண்தான் உங்கள் அளவுகோட்டின் முதல் புள்ளி.

சாந்தைன் ஆக்சிடேஸ் எல்லா எலெக்ட்ரானையும் சூப்பர் ஆக்சைடாகத் தராது என்பதையும் மறக்காதீர்கள். பெரும்பகுதி நேரே பெராக்சைடாகிவிடும், கூடவே யூரிக் அமிலம் சேர்ந்துகொண்டே போகும். இரண்டையும் கண்டுகொள்ளாத மின்முனை வேண்டும்.

நானோ ஆம்பியர்:

அந்த மின்முனையை நான் சொல்கிறேன், இதில்தான் கொஞ்ச வருடம் கைபழகியிருக்கிறேன்.

தங்க மின்முனை எடுங்கள். மெர்காப்டோ அன்டெக்கனாயிக் அமிலமும் மெர்காப்டோ அன்டெக்கனாலும் கலந்த கரைசலில் ஊற வைத்தால் தங்கத்தின் மேல் ஒரு மூலக்கூறு தடிமனுக்குப் படலம் வரும். அதன் மேல் குதிரை இதய சைட்டோக்ரோம் சி. சூப்பர் ஆக்சைடு வந்து சைட்டோக்ரோமின் இரும்பை மூன்றிலிருந்து இரண்டாக ஒடுக்கும், மின்முனை அதைத் திரும்ப மூன்றாக்கும், அந்த எலெக்ட்ரான்தான் உங்கள் மின்னோட்டம். வைக்க வேண்டியது வெறும் 0.15 வோல்ட். அந்த அழுத்தத்தில், படலம் போர்த்திய தங்கத்தில், பெராக்சைடும் யூரிக் அமிலமும் பெரும்பாலும் சும்மா இருக்கும். நீங்கள் 0.6-இல் வைத்திருந்தீர்கள், அங்கே வருவதெல்லாம் பேசும்.

எல்லாம் தங்கத்தின் சுத்தத்தில் இருக்கிறது. 0.3 மைக்ரான் அலுமினா, பிறகு 0.05, எட்டு போடுவது போலத் தேயுங்கள். கழுவி, கந்தக அமிலத்தில் சுழல் வோல்ட்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைப் பார்ப்பது) ஓட்டுங்கள், தங்க ஆக்சைடின் ஒடுக்க முகடு சுற்றுக்குச் சுற்று ஒரே இடத்தில் விழும்வரை. நான் கற்றுக்கொண்ட காலத்தில் இதை ஒரு நாள் முழுக்க ஓட்டியிருக்கிறேன். முகடு அசையாமல் நின்ற பிறகு எடுத்துத் தண்ணீரில் அலசிப் பார்த்தால், தண்ணீர் துளியாக உருளாமல் தங்கத்தின் மேல் மெல்லிய தகடு மாதிரி விரிந்து நிற்கும். அதைக் கண்ணால் பார்த்துப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் வந்துவிடும்.

சைட்டோக்ரோம் உட்கார்ந்ததா என்று பார்க்க வெறும் பஃபரில் சுழல் ஓட்டுங்கள். பூஜ்ஜியம் வோல்ட்டை ஒட்டி ஏறும் முகடும் இறங்கும் முகடும் ஏறக்குறைய நேருக்கு நேர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த மின்முனையில் மேற்கொண்டு நேரம் செலவழிக்காதீர்கள், திரும்பத் தேயுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:

நான் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன், முலாம் போடுகிற வேலை என்பதால் இந்தப் பக்கத்தைப் படிப்பதுண்டு. ஒன்று கேட்கிறேன். ஒப்பீட்டு மின்முனை கடையில் வாங்கினதா, கையால் செய்ததா?

தாரமங்கலத்தாள்:

கையால் செய்ததுதான் அண்ணா. பழையது உடைந்துவிட்டது. மாமா ஒருவர் கொலுசு வேலை செய்கிறார், அவரிடம் வெள்ளிக் கம்பி வாங்கி, உப்பு அமிலத்தில் நேர்முனையாக வைத்துப் பூச்சு ஏற்றினேன். கம்பியை அப்படியே பீக்கரில் தொங்கவிட்டிருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:

அந்தக் கம்பியை எடுத்துவிடுங்கள் தங்கச்சி. கொலுசுக்கு ஓடுகிற வெள்ளியில் செம்பு கலந்திருக்கும், சுத்த வெள்ளி மிருதுவாக வளைந்துவிடும் என்பதால் அப்படித்தான் உருக்குவோம். பற்றாசு வைத்த துண்டாக இருந்தால் துத்தநாகமும் இருக்கும். அமிலத்தில் நேர்முனையாக வைத்தால் செம்பும் கரையும். பூச்சு எப்படி இருக்கிறது? சுத்த வெள்ளியில் ஒரே மாதிரி கருஞ்சாம்பல், லேசான ஊதா சாயலில் வரும். திட்டுத் திட்டாக, அங்கங்கே பச்சை பார்த்தால் செம்புதான். 999 கம்பி ஒரு சாண் போதும், எந்த உருக்குக் கடையிலும் கிடைக்கும்.

நானோ ஆம்பியர்:

அண்ணன் சொன்னதை அப்படியே கேளுங்கள். என் கண்ணில் படாமல் போன விஷயம் அது. கரைசலில் தனியாக இருக்கும் செம்பு அயனி சூப்பர் ஆக்சைடை எஸ்.ஓ.டி.க்கு இணையான வேகத்தில் அழிக்கும். எஸ்.ஓ.டி.யின் மையத்தில் இருப்பதும் செம்புதானே. பீக்கரில் செம்பு கசிந்தால் ஆத்தூர்க்காரர் சொன்ன 0.46 என்ற கணக்கு செல்லாது, அழிவு வேகம் எதுவென்றே தெரியாமல் போகும்.

கம்பியைக் கண்ணாடிக் குழாயில், 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில், நுனியில் நுண்துளை அடைப்பு வைத்துப் போடுங்கள். காய்ச்சி வடிக்கும் கருவியின் உள்ளே செம்போ பித்தளையோ இருக்கிறதா என்றும் பாருங்கள். எப்படியிருந்தாலும் பஃபரில் உலோக அயனிகளைக் கட்டிப்போடும் டி.டி.பி.ஏ. 100 மைக்ரோமோலார் சேர்த்துவிடுங்கள். அதே வகையைச் சேர்ந்த ஈ.டி.டி.ஏ.வும் செம்பைக் கட்டிப்போடும், ஆனால் இரும்பைப் பிடித்த ஈ.டி.டி.ஏ. சூப்பர் ஆக்சைடோடு வினைபுரியும். டி.டி.பி.ஏ. இரண்டையும் அடக்கும்.

நாகலூர் காப்பித்தோட்டம்:

அம்மா, நான் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சேலத்து வெயிலில் பஃபர் 36 டிகிரிக்குப் போய்விடுகிறது என்றால் கருவியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள், அறை 22 டிகிரியில் நிற்கும். சாறும் புதிதாகக் கிடைக்கும். தோல் பறித்த அன்றே கறுக்க ஆரம்பித்துவிடுகிறது, மறுநாள் நீங்கள் அளப்பது வேறு பொருளாகவே ஆகிவிடும்.

ஆத்தூர்க்காரன்:

ஐயா சொல்வது நல்ல யோசனை, ஆனால் ஒன்றைக் கணக்கில் எடுங்கள். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். 25 டிகிரியில் காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் சேலத்தில் 0.25 மில்லிமோலார் ஆக்சிஜன் இருக்கும், ஏற்காட்டில் அதே வெப்பநிலையில் 0.21-ஐ ஒட்டித்தான். குளிர்ச்சியால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், முழுதும் ஈடாகாது. சாந்தைன் ஆக்சிடேஸ் தரும் சூப்பர் ஆக்சைடின் பங்கு ஆக்சிஜனைப் பொறுத்து மாறும். கீழே போட்ட அளவுகோட்டை மேலே கொண்டுபோய்ப் பயன்படுத்த முடியாது. எங்கே அளக்கிறீர்களோ அங்கேயே 550-இல் உற்பத்தியையும் அளக்க வேண்டும்.

தாரமங்கலத்தாள்:

ஐயாவுக்கு நன்றி. சேலத்திலேயே தண்ணீர்த் தொட்டியில் 25 டிகிரியில் வைத்துச் செய்கிறேன், தோலை மட்டும் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவருகிறேன்.

இடையில் ஒரு சந்தேகம். டி.எம்.எஸ்.ஓ.வில் சூப்பர் ஆக்சைடு நிலையாக இருக்கிறதே, ஆக்சிஜனை அதிலேயே ஒடுக்கி, சாறு சேர்த்தால் திரும்பும் முகடு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் போதாதா? எங்கள் துறையில் ஒருவர் அப்படிச் செய்யச் சொல்கிறார்.

நானோ ஆம்பியர்:

அழகான சோதனை, ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் சொல்லாது. டி.எம்.எஸ்.ஓ.வில் புரோட்டான் கிடைக்காததால்தான் சூப்பர் ஆக்சைடு நிற்கிறது. காப்பித் தோலில் குளோரோஜெனிக் அமிலம் மாதிரி அமிலங்கள் இருக்கும். அவை புரோட்டானைக் கொடுத்தாலே சூப்பர் ஆக்சைடு தானாகச் சிதைந்து திரும்பும் முகடு மறைந்துவிடும். வெறும் பென்சாயிக் அமிலம் போட்டுப் பாருங்கள், அதுவும் முகட்டைக் குறைக்கும். அதை யாரும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி என்று சொல்ல மாட்டார்கள். தண்ணீரில், பஃபரில், உடல் இருக்கும் பி.எச்.சுக்கு அருகில் அளந்தால்தான் சாற்றைப் பற்றிப் பேச முடியும்.

பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடு மிச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஈரம் படாமல் மூடி வையுங்கள், காகிதத்தில் எடை போடாதீர்கள், கழுவு தொட்டியில் கொட்டவே கொட்டாதீர்கள். தண்ணீர் பட்டால் சீறும், கரிமப் பொருளோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும். டி.எம்.எஸ்.ஓ. கரைசலைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோல் வழியாக உள்ளே போகும், கரைந்திருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும்.

தாரமங்கலத்தாள்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

999 கம்பி மாற்றினேன். பழைய கம்பியின் பூச்சில் அண்ணா சொன்ன மாதிரியே பச்சைத் திட்டு இருந்தது. தங்கம் தேய்த்து, நான்காவது முயற்சியில் சைட்டோக்ரோம் முகடு வந்தது. இரண்டு முகடுக்கும் நடுவே சில மில்லிவோல்ட்தான் வித்தியாசம்.

மின்னோட்டம் பிக்கோஆம்பியரில் வருவதால் மின்விசிறி ஓடினாலே கோடு நடுங்கியது. முறுக்கு வைக்கும் தகர டின்னில் துளை போட்டு, பீக்கரை உள்ளே வைத்து, டின்னை, மின்முனைக்கு மின்னழுத்தம் தரும் கருவியான பொட்டென்ஷியோஸ்டாட்டின் நில இணைப்போடு சேர்த்தேன். நடுக்கம் நின்றுவிட்டது.

எண்கள்: வெறும் சாந்தைனில் அடித்தளம் 20 பிக்கோஆம்பியர். ஆத்தூர் அண்ணா சொன்ன உற்பத்தி வேகத்துக்கு நொதி சேர்த்ததும் ஏறி, அரை நிமிடத்தில் 310-இல் சமமாக நின்றது. நொதியை இரண்டு மடங்காக்கினால் 430. நான்கு மடங்கு, 600. கடைசியில் எஸ்.ஓ.டி. விட்டேன். கையை எடுப்பதற்குள் 30-க்கு வந்துவிட்டது! அந்தப் பழைய எஸ்.ஓ.டி.தான், வாங்கச் சொல்லிக் கேட்க இருந்தேனே, அதே குப்பி.

ஆனால் நொதியை இரண்டு மடங்காக்கியும் மின்னோட்டம் இரண்டு மடங்காகவில்லையே என்று கவலையாக இருக்கிறது.

ஆத்தூர்க்காரன்:

கவலையா? அதுதான் நீங்கள் சரியாக அளந்திருக்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி. அடித்தளத்தைக் கழியுங்கள்: 290, 410, 580. முதல் எண்ணோடு ஒப்பிட்டால் 1.41, 2.0. இரண்டின் வர்க்கமூலம், நான்கின் வர்க்கமூலம். நிலைச் செறிவு உற்பத்தியின் வர்க்கமூலத்துக்குத்தான் விகிதமாக இருக்கும், ஏனென்றால் அழிவு இரண்டாம் படி. பெராக்சைடையோ யூரிக் அமிலத்தையோ அளந்திருந்தால் மின்னோட்டம் சமமாக நின்றிருக்கவே நிற்காது, நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போயிருக்கும், ஏறும் வேகமும் நொதியோடு இரண்டு மடங்காகியிருக்கும். இந்த மூன்று எண்ணை ஆய்வேட்டில் முதல் படமாகப் போடுங்கள்.

உணர்திறன் 0.46 மைக்ரோமோலாருக்கு 290, அதாவது ஒரு மைக்ரோமோலாருக்கு 630 பிக்கோஆம்பியர்.

நானோ ஆம்பியர்:

ரொம்ப சந்தோஷம் தங்கம். இன்னும் இரண்டு வெற்றுச் சோதனை செய்யுங்கள். எஸ்.ஓ.டி.க்குப் பதிலாக அதே எடை அல்புமின் விட்டுப் பாருங்கள், மின்னோட்டம் இறங்கக்கூடாது. எஸ்.ஓ.டி. விட்டதும் இறங்கியது, புரதம் மின்முனையில் ஒட்டி அடைத்ததால் அல்ல என்று அப்போதுதான் சொல்லலாம். கொதிக்க வைத்த எஸ்.ஓ.டி.யை வெற்றாக வைக்காதீர்கள், மாட்டு எஸ்.ஓ.டி. சூட்டைத் தாங்கும், சும்மா ஒரு கொதி கொதித்தால் சாகாது.

இரண்டாவது, சாந்தைன் ஆக்சிடேஸ் இல்லாமல் காப்பித் தோல் சாற்றை மட்டும் விடுங்கள்.

தாரமங்கலத்தாள்:

அல்புமினில் 310, 305 ஆனது. அவ்வளவுதான்.

சாறு மட்டும் விட்டபோது 20-லிருந்து 110-க்கு ஏறியது. நொதியே இல்லை, சூப்பர் ஆக்சைடே இல்லை, ஆனாலும் 90 பிக்கோஆம்பியர். குளோரோஜெனிக் அமிலம் 0.15 வோல்ட்டிலேயே கொஞ்சம் ஆக்சிஜனேற்றம் ஆகிறது என்று நினைக்கிறேன். இதைக் கழித்தால் போதுமா?

நானோ ஆம்பியர்:

90-ஐக் கழித்துவிட்டு மேலே போகாதீர்கள். சாறு சூப்பர் ஆக்சைடைக் குறைக்கும், அதே சாறு தன் மின்னோட்டத்தைச் சேர்க்கும். இரண்டும் ஒன்றையொன்று மறைக்கும். சாற்றை 10 மடங்கு நீர்த்து, சாறு மட்டும் தரும் மின்னோட்டம் 10 பிக்கோஆம்பியருக்குக் கீழே வரும் செறிவில் வேலை செய்யுங்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் எஸ்.ஓ.டி. விட்டு, எங்கே போய் நிற்கிறதோ அதையே அந்த ஓட்டத்தின் பூஜ்ஜியமாக வையுங்கள். வேறு நாள் எடுத்த அடித்தளத்தைக் கொண்டுவந்து கழிக்காதீர்கள்.

ஆத்தூர்க்காரன்:

கூடவே 295 நானோமீட்டரில் யூரிக் அமிலம் உண்டாகும் வேகத்தைச் சாறு இருக்கும்போதும் இல்லாதபோதும் பாருங்கள். சாறு நொதியையே முடக்கினால் சூப்பர் ஆக்சைடு குறையும், ஆனால் அது அழித்ததால் குறைந்தது ஆகாது. ஊற்று அடைபட்டு மட்டம் இறங்கினால் அதை இறைப்பு என்று எழுத முடியாது இல்லையா. பல தாவரச் சாறுகள் இந்த நொதியை முடக்கும்.

தாரமங்கலத்தாள்:

செய்துவிட்டேன். 10 மடங்கு நீர்த்த சாற்றில் யூரிக் அமில வேகம் 100-க்கு 94. நொதி பெரிய அளவில் முடங்கவில்லை. சாறு மட்டும் தருவது 8 பிக்கோஆம்பியர். எஸ்.ஓ.டி.யைப் பூஜ்ஜியமாக வைத்து எடுத்தால், சாறு இல்லாமல் 280, சாறோடு 150. மூன்று நாள், மூன்று மின்முனை, 145-க்கும் 156-க்கும் நடுவே விழுகிறது.

நாகலூர் ஐயா, மறுநாள் வைத்திருந்த தோலிலும் ஒன்று ஓட்டினேன். 205. நீங்கள் சொன்ன மாதிரி ஒரே இரவில் மாறிவிடுகிறது.

நாகலூர் காப்பித்தோட்டம்:

அப்படியென்றால் பறித்ததும் ஆவியில் ஒரு நிமிடம் காட்டிவிட்டுக் கொண்டுபோய்ப் பாருங்கள் அம்மா, கறுக்க வைக்கும் நொதி அடங்கிவிடும். செவ்வாய்க்கிழமை பறிப்பு இருக்கிறது. காலை முதல் பேருந்தில் வந்தால் ஒன்பது மணிக்குள் தோல் உங்கள் கையில் இருக்கும். பனிக்கட்டி இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், பெட்டி மட்டும் கொண்டுவாருங்கள்.